முனைக்கோயில்: நான்காம் தாள்

மண்முனைத் துறையில் வள்ளம் பிடித்து
யாகப்பர் கோயிலடிக்கு வந்து சேர எட்டேகால்.
சேலை முழங்கால்வரை வாவி.
அளவுநாடா நனையவில்லை.

தாளில் கட்டங்கள் அச்சாகிக் கிடக்கின்றன:
பொருள், காலம், சிதைவு, காரணம், பரிந்துரை.
ஒவ்வொன்றும் பெருவிரல் அகலம்.

வடசுவர். கடற்கல், சிப்பிச் சுண்ணாம்பு.
மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறேன்.
டொக் என்றால் உயிர் இருக்கிறது.
டம் என்றால்
உள்ளே காரை கல்லைக் கைவிட்டுவிட்டது.
எழுபத்தெட்டுச் சூறாவளி கழிந்த கையோடு
அன்பு மிகுந்த யாரோ
இரண்டங்குலச் சீமெந்து பூசியிருக்கிறார்கள்.
அன்று தொட்டு
வெளியேற வழியற்ற உப்பு
சுவருக்குள்ளேயே பூத்துப் பூத்து உதிர்கிறது.
காரணம் என்ற கட்டத்தில்
அன்பு என்று எழுத முடியாது.
பொருந்தாப் பூச்சு என்று எழுதினேன்.

மேசன் கிளமெந்து றொசாரியோ
ஏணியில் நின்று என் எழுத்தை எட்டிப் பார்க்கிறார்.
அவர் வீட்டுப் பறங்கிப் பேச்சில்
சுண்ணாம்புக்குச் சொல் உண்டு,
சீமெந்துக்கு இல்லையாம்.
"நாப்பது நாள் நீத்தோணும். மறுகாதான் பூச்சு.
மழைக்கு முந்தி ஏலா."

பீடத்துக்கு இடப்புறம் சுவர் கறுத்திருந்தது.
டோர்ச் அடித்தேன்: விறகுப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு.
மென்பஞ்சும் வடிநீரும் கொண்டு கழுவலாம் என்று
பாதி எழுதுகையில்
திறப்புக் கொண்டுவந்த பெலிசித்தா சொன்னாள்:
"அது அடுப்புக் கா.
தொண்ணூறில எழுபத்தாறு பேர் இதுக்க கிடந்தம்,
ஒம்பது நாள்.
என்ட மூத்தவன் அந்த மூலையிலதான் பிறந்தவன்."
மேலே ஒன்றும் சொல்லவில்லை.
திறப்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

எழுதியதை வெட்டினேன்.
வெட்டியதற்கு மேலே என்ன எழுதுவதென்று தெரியாமல்
மூலையை அளந்தேன். ஒன்றே கால் மீற்றர்.
ஒரு பெண் கால் நீட்டிப் படுக்கக் காணாது.

நான் மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை.
நாங்கள் பாடுவோம்; எதையும் முத்தமிடுவதில்லை.
இங்கே வாசலுக்கு உட்புறம் கருங்கற் சிலுவை.
மேற்கைகளில் உளியின் பல் இன்னும் கூர்.
கீழ்முனை மட்டும்
பாதி கரைந்த சவர்க்காரம்.
வேணியர் வைத்துப் பார்த்தேன்:
பதினொரு மில்லிமீற்றரைக் காணவில்லை.
காரணம்: உதடு, நெற்றி,
செவ்வாய்க்கிழமைகளில் திருநீறும்.
பரிந்துரை: கண்ணாடித் தடுப்பு.
படித்தது அப்படித்தான். எழுதியும் விட்டேன்.

அப்போது றால் கூடையோடு ஒருவன் வந்தான்.
கூடையை வெளியே வைத்தான்.
எங்கள் ஏணிக்கும் முக்காலிக்கும் ஊடே குனிந்து நுழைந்து
ஈரக் கையைச் சிலுவையின் அடியில் வைத்து
கொஞ்சநேரம் நின்றான். போனான்.
எங்களை அவன் பார்த்ததாகவே தெரியவில்லை.

தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
மூன்று நூற்றாண்டு என்று வைத்துக்கொண்டால் பதினொன்று.
மிச்சத் தடிப்பு நூற்றிருபது.
இப்படியே தொட்டுக்கொண்டிருந்தால்
கல் தீர இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் வருடம்.
சீமெந்து இருந்தால்
வடசுவருக்கு இருபது.

கண்ணாடியை வெட்டினேன்.
பாவனை தொடரலாம்.
கறுத்த சுவரின் கட்டம் இன்னும் வெறுமை;
அதை அப்படியே மடித்தேன்.
வேணியர் பிடித்தபோது என் விரலும்
கல்லில் பட்டிருக்கும்.
அதற்குக் கட்டம் இல்லை.

வள்ளம் தள்ளியாயிற்று.
கரையிலிருந்து கிளமெந்து கத்துகிறார்:
"சிப்பி எத்தன மூட்ட?"
நான் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.
"முப்பது!" என்று
காற்றுக்கு எதிரே கத்தினேன்.